மாஸ்டர் கையில் குச்சி

என் அக்காவுக்கு ஜப்பானிய மொழி தெரியும் என்று கல்லூரி இறுதியாண்டு வரை நம்பிக்கொண்டிருந்த ஆள் நான். நம்பியதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. கல்லூரிக்கு வேலைக்கு ஆள் எடுக்க வந்தவர்கள் குடும்பத்தைப் பற்றிக் கேட்டபோது அதையும் பெருமையாகச் சொல்லிவைத்தேன். "அப்படியா, எங்கே படித்தார்?" என்றார்கள். "வீட்டிலேயே சார், டி.வி. முன்னால் உட்கார்ந்து" என்றேன். அந்த வேலை எனக்குக் கிடைக்கவில்லை. அன்று சாயங்காலம் அக்காவுக்குப் போன் போட்டுக் கேட்டால், அந்தப் பக்கம் வெகுநேரம் சிரிப்பு மட்டும்தான் வந்தது.

"டேய், நீ இன்னுமா அத நம்பிட்டிருக்க?"

நம்பாமல் என்ன செய்வது? சிங்கப்பூர் மாமா ஒரு விடுமுறைக்குத் திருச்சிக்கு வந்தபோது ஒரு சாம்பல் நிற கேம் பெட்டியையும், அட்டையில்லாத சில சி.டி.க்களையும் கொடுத்துவிட்டுப் போனார். அதில் ஒன்றுதான் அந்த கேம். நான்கு பேர் ஊர் ஊராக நடப்பார்கள், வழியில் பூதம் வந்தால் அடிப்பார்கள், ஊருக்குள் போனால் பேசுவார்கள். பேசுவார்கள் என்றால் அப்படியொரு பேச்சு. திரையின் அடியில் கட்டம் கட்டமாக எழுத்து ஓடிக்கொண்டே இருக்கும். அத்தனையும் ஜப்பானிய எழுத்து. நான் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, என்னைவிட மூன்று வகுப்பு மேலே படித்த அக்கா பக்கத்தில் வந்து அமர்ந்து, சர்வ சாதாரணமாக அதைத் தமிழில் படிக்க ஆரம்பித்தாள்.

அக்கா படித்த கதை இதுதான். முடியைச் சிலுப்பிக்கொண்டு நிற்கும் கதாநாயகன் கணக்கில் பெயிலாகி வீட்டைவிட்டு ஓடிவந்தவன். இடுப்பில் மணி கட்டிய பெண், பெண் பார்க்க வருகிறார்கள் என்று தெரிந்ததும் பின்வாசல் வழியாகக் கிளம்பியவள். குண்டாக ஒருவன் இருந்தான். அவன் சும்மா வந்தான். நான்காவதாகத் துணிப்பையோடும் குச்சியோடும் ஒரு கிழவர். அவர் கதாநாயகனின் கணக்கு மாஸ்டர். பையன் மறுபடி பரீட்சை எழுதியே தீர வேண்டும் என்று மூன்று தீவு தாண்டித் துரத்திக்கொண்டு வந்திருக்கிறார். அந்தக் காலாண்டுத் தேர்வில் நானும் கணக்கில் கோட்டை விட்டிருந்தேன் என்பது ஒரு தனிச் செய்தி.

ஆட்டத்தைச் சேமிக்க அங்கங்கே நீலமாக ஒளிரும் தூண்கள் இருக்கும். அவற்றை எஸ்.டி.டி. பூத் என்றாள் அக்கா. "வீட்டுக்குப் போன் பண்ணி, நல்லா இருக்கேன்னு சொன்னாதான்டா அடுத்த ஊருக்கு விடுவாங்க." இன்றைக்கும் எந்த கேமில் எந்த மூலையில் சேமித்தாலும் என் மனதில் மஞ்சள் போர்டும் கண்ணாடிக் கதவும்தான் வருகின்றன.

மாஸ்டர் என்று தெரிந்த பிறகு அவர் கையில் குச்சியை விட்டுவைப்போமா? கழற்றிவிட்டோம். மருந்தும் கொடுக்கவில்லை. ஒவ்வொரு சண்டையிலும் முதல் அடியிலேயே அவர் பொத்தென்று விழுவார், நாங்கள் கைதட்டுவோம். துறைமுகத்தில் ஒரு ராட்சச நண்டு வரும். அதை மூன்றே பேராக அடித்துக் கொல்ல எங்களுக்கு ஒரு கோடை விடுமுறை முழுவதும் ஆனது. நண்டு செத்தது. கப்பல் வந்தது. ஏறப்போகும் நேரத்தில் மாஸ்டர் படிக்கட்டில் நின்று, துணிப்பைக்குள் கையை விட்டார். சி.டி. "டிக்... டிக்..." என்றது. அவ்வளவுதான். துடைத்துப் பார்த்தோம், பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தும் ஓட்டிப் பார்த்தோம். மாஸ்டரின் கை பைக்குள்ளேயே நின்றுவிட்டது.

"பைல என்னக்கா இருக்கு? பரீட்சப் பேப்பரா? பாஸா?"

"தெரியலடா. சி.டி. சொன்னாத்தான எனக்குத் தெரியும்."

இத்தனை வருடம் கழித்து அதே கேமைப் புதுசாகச் செதுக்கி ரீமேக் என்று வெளியிட்டார்கள். நான் வாங்கினேன். அதை விளையாட எனக்கு நிறைய நேரமும் இருந்தது. ஏனென்றால் எனக்கு வேலை போயிருந்தது. இங்கே ஆஸ்திரேலியாவில் யாரையும் வேலையைவிட்டுத் தூக்குவதில்லை, 'ரிடண்டன்ட்' ஆக்குகிறார்கள். எனக்குக் கேக் கூட வெட்டினார்கள். பெரிய துண்டு எனக்குத்தான்.

ஆக, மெல்பர்ன் ஓரத்தில், கிரெய்கிபர்னில் எங்கள் தெருவே வேலைக்குக் கிளம்பிப் போன பிறகு, கட்டம்போட்ட லுங்கியோடு சோபாவில் அமர்ந்து உலகத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். விஷயம் மனைவிக்குத் தெரியும். அக்காவுக்குத் தெரியாது. அவள் சிட்னியில், ஹோம்புஷில் இருக்கிறாள். என்னை இந்த நாட்டுக்கு வரச் சொன்னதே அவள்தான். என் விசாவுக்கு என்னைவிட அதிகம் கவலைப்பட்டவள். அவளிடம் போய் எப்படிச் சொல்வது? அடுத்த வேலை கிடைத்ததும் இரண்டையும் சேர்த்துச் சொல்லலாம் என்று திட்டம். அடுத்த வேலைக்கு அந்தத் திட்டம் பிடிபடவில்லை.

ஒருநாள் பகலில் அவள் அழைத்தாள்.

"ஆபீஸ்ல இருக்கியாடா?"

"ஆமாக்கா, மீட்டிங்."

"யாரோ வாள் சுத்துற சத்தம் கேக்குது."

"கொஞ்சம் காரசாரமான மீட்டிங்க்கா."

"சரி சரி, அடிபடாம பாத்துக்க" என்று வைத்துவிட்டாள்.

ரீமேக்கில் எல்லாமே பளபளவென்று இருந்தது. தூண்கள் இருந்தன, ஆனால் தேவையே இல்லை. ஆட்டம் தன்னைத்தானே சேமித்துக்கொள்கிறது. நாம் பூத்துக்குப் போகாமலேயே யாரோ நம் வீட்டுக்குத் தகவல் சொல்லிவிடுகிற மாதிரி. இன்னொரு வசதி, உலகம் பூராவும் நண்பர்களைச் சேர்த்துக்கொள்ளலாம். யார் தேடினாலும் கிடைக்கட்டும் என்று என் சொந்தப் பெயரிலேயே சேர்ந்தேன். ஆரம்பித்த வாரமே ஜப்பானிய எழுத்தில் பெயர் வைத்த ஒருவர் எனக்கு நட்பு அழைப்பு அனுப்பினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. நண்டிடம் நான் சாகும்போதெல்லாம் அவரிடமிருந்து ஒரு கும்பிடு பொம்மை வரும். "பார்த்தியா, ஜப்பான்ல இருந்து ஒரு மனுஷன் எனக்காகக் கவலைப்படறான்" என்று மனைவியிடம் காட்டினேன்.

மனைவி யாழ்ப்பாணத்தில் பிறந்து மெல்பர்னில் வளர்ந்தவள். முதியோர் இல்லத்தில் வேலை. கிழவர்கள் கீழே விழுந்து கிடப்பதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

"என்னப்பா, இந்த மனிசனை ஒவ்வொரு சண்டையிலயும் சாகவிடுறியள். ஒரு தடியைக் குடுத்தா என்ன?"

"அவர் கணக்கு மாஸ்டர்."

"ஆர் சொன்னது?"

"அக்கா."

"இஞ்ச இங்கிலிஷில வடிவா எழுதிக் கிடக்கு, அவர் வைத்தியர் எண்டு. தடியாலதான் காயம் மாத்துறவராம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்களுடைய ஒரே வைத்தியரிடமிருந்து வைத்தியக் குச்சியைப் பிடுங்கிவைத்துவிட்டு ஒரு கோடை விடுமுறை பூராவும் நண்டிடம் உதை வாங்கியிருக்கிறோம். கதையும் வேறு: கதாநாயகன் பரீட்சையே எழுதவில்லை, ஏதோ ராஜ வம்சமாம். மணிக்காரி தெய்வ அம்சமாம். நேர்த்தியான கதைதான். எனக்குக் கொட்டாவி வந்தது. ஆனாலும் குச்சியை மட்டும் நான் கொடுக்கவில்லை. அக்காவுக்குச் செய்யும் துரோகம் போல் இருந்தது. அதனால் அந்த நண்டிடமே மாட்டிக்கொண்டு நின்றேன்.

"மச்சாளிட்ட விஷயத்தைச் சொல்லிட்டியளோ?" என்பாள் மனைவி, ஒவ்வொரு நாளும் வேலைக்குக் கிளம்பும்போது. மச்சாள் என்றால் அவளுக்கு நாத்தனார், எனக்கு அக்கா.

"சொல்றேன்."

"எப்ப? நண்டு செத்த பிறகோ?"

ஒரு லாங் வீக்கெண்டுக்கு அக்கா திடீரென்று மெல்பர்ன் வந்து இறங்கினாள். கையில் பெட்டியைவிடப் பெரிய சாப்பாட்டுப் பை. ஹோம்புஷ் கடையிலிருந்து பரோட்டா, சால்னா, கூடவே வீட்டில் செய்த புளியோதரை.

"மச்சாள், மெல்பர்னில எங்களுக்குச் சாப்பாடு இல்லை எண்டு நினைச்சிட்டியளோ?" என்றாள் மனைவி.

"இருக்கும்மா. இவன் சாப்பிடறானான்னு எனக்கெப்படித் தெரியும்?"

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மழை. வெளியே போக வழியில்லை. அக்காவே கேட்டாள்: "அந்த கேம வாங்கிட்டியாமே, போடு பாப்போம்." போட்டேன். முதல் வேலையாக மொழியை ஜப்பானியத்துக்கு மாற்றினாள். மாஸ்டரின் வெறுங்கையைப் பார்த்துவிட்டு என் முதுகில் ஒன்று வைத்தாள்.

"பாவி, இன்னும் குச்சியக் குடுக்கலையா நீ?"

"நீதான மாஸ்டர்னு சொன்ன."

ரிமோட்டை வாங்கிக்கொண்டு நண்டோடு மோதினாள். நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். நண்டு எந்தப் பக்கம் கொடுக்கை வீசப்போகிறது என்று அதற்கே தெரியும் முன் அக்கா ஒதுங்கினாள். ரீமேக்கில் புதிதாகச் சேர்த்திருந்த வால் அடியில்கூட அவள் சிக்கவில்லை. இத்தனை வருடம் கழித்தும் விரல் மறக்கவில்லையே என்று எனக்குக் கண்கலங்கியது. பழைய நண்டுக்கு வாலே கிடையாது என்பது அப்போது என் மண்டையில் உறைக்கவில்லை.

நண்டு செத்தது. கப்பல் வந்தது. மாஸ்டர் படிக்கட்டில் நின்றார். பைக்குள் கையை விட்டார். நான் சோபா நுனிக்கு வந்துவிட்டேன். இந்த முறை எதுவும் "டிக்" என்று சொல்லவில்லை. கை வெளியே வந்தது. எழுத்து ஓடியது. அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு, அதே பழைய மாஸ்டர் குரலில் படித்தாள்.

"'டேய், நில்லு. பயப்படாத. பேப்பர்லாம் எங்கிட்ட இல்ல. அத நான் திருத்தவே இல்ல. நீ சாப்பிடாமக் கிளம்பிட்டன்னு உங்க வீட்டுல சாப்பாடு குடுத்து விட்டாங்க. மூணு தீவு சுத்திட்டேன், சாம்பார் ஊசிப்போயிருக்கும். தயிர் சாதத்த மட்டும் சாப்பிடு.'"

மனைவி திரையை உற்றுப் பார்த்தாள். "மச்சாள், அது ஏதோ மினுங்கிற கல்லு மாதிரியெல்லோ கிடக்கு?"

"தயிர் சாதம்தாம்மா. ரொம்ப நாளாச்சு, கல்லாயிடுச்சு."

நாங்கள் இருவரும் சிரித்து முடிப்பதற்குள் அடுத்த கட்டம் வந்தது. அக்கா சிரிக்காமல் படித்தாள்.

"'பெயிலானா ஆயிட்டுப் போ. ஏன்டா ஒரு போன் பண்ணல?'"

திரையில் கதாநாயகன் பதில் சொல்லும் இடம். கட்டத்தில் மூன்று புள்ளிகள் மட்டும் இருந்தன. அதைப் படிக்க எனக்கே ஜப்பானிய மொழி தெரிந்திருந்தது. அக்கா அடுத்த பொத்தானை அழுத்தவில்லை. மனைவி என்னைப் பார்த்தாள்.  

"அக்கா, எனக்கு வேலை போயிடுச்சு."

"தெரியும்டா."

நான் மனைவி பக்கம் திரும்பினேன். "ஐயோ, நான் ஒண்டும் சொல்லேல்லை!" என்று கையை உயர்த்தினாள்.

அக்கா கைப்பையைத் திறந்து, உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு கேம் கருவியை எடுத்தாள். நகரத்துக்குப் போகும் ரயிலில் தினமும் விளையாடுவாளாம். முழு ஆட்டத்தையும் எனக்கு முன்பே முடித்துவிட்டாளாம். திரையைத் திருப்பிக் காட்டினாள். நண்பர்கள் பட்டியலில் ஒரே ஒரு ஆள், நான். பக்கத்தில் பச்சைப் புள்ளி. மேலே அவளுடைய பெயர், ஜப்பானிய எழுத்தில்.

"திங்கக்கிழமை காலைல பாத்தா ஆன்லைன். செவ்வாய்க்கிழமை ஆன்லைன். மீட்டிங்னு சொன்ன அன்னிக்கு நண்டுகிட்ட அடி வாங்கிட்டிருந்த. எந்த ஆபீஸ்லடா நண்டு இருக்கு?"

ஒரே ஆளிடம், ஒரே மொழியில், வாழ்நாளில் இரண்டு முறை ஏமாந்தவன் நானாகத்தான் இருப்பேன்.

"தெரிஞ்சே ஏன்க்கா கேக்கல?"

"நீயா சொல்லுவேன்னு பாத்தேன். சொல்லல. அதான் பரோட்டா கட்டிக்கிட்டு வந்தேன்."

"நிஜக் கதையில பைல என்னக்கா இருக்கு?"

"ஏதோ ராஜா கல்லாம். சப்பை முடிவு. உனக்கு அது வேண்டாம்."

பிறகு மெனுவைத் திறந்து, மாஸ்டர் கையில் குச்சியை மாட்டினாள். "போதும்டா, பாவம். எவ்ளோ நாள் வெறுங்கையோட வருவாரு." கப்பலில் முதல் சண்டை வந்தது. மாஸ்டர் குச்சியைத் தூக்கினார். பச்சையாய் ஒரு வெளிச்சம் எல்லோர் மேலும் இறங்கியது. கதாநாயகன், மணிக்காரி, சும்மா வந்த குண்டன், அத்தனை பேருடைய காயமும் ஒரே வீச்சில் ஆறிப்போனது. அவரால் இதெல்லாம் முடியும் என்று எனக்குத் தெரியவே தெரியாது.

"இதைத்தானே நான் முதல்ல இருந்து சொல்லிக்கொண்டிருக்கிறன்" என்றாள் மனைவி, புளியோதரைத் தட்டோடு.

கப்பல் கரைசேர்ந்ததும் நீலத் தூண் ஒன்று வந்தது. ஆட்டம் ஏற்கெனவே தானாகச் சேமித்திருந்தது. இருந்தாலும் நான் போய் ஒருமுறை சேமித்தேன். அக்கா காலை நீட்டி என் மடியில் போட்டுக்கொண்டாள்.

திங்கள் மாலை விமானத்தில் போய்விட்டாள். செவ்வாய்க்கிழமை காலை, தெரு காலியானதும், லுங்கியோடு சோபாவில் அமர்ந்து ஆட்டத்தைத் தொடங்கினேன். உட்கார்ந்த சூடுகூட ஏறவில்லை. திரையின் மூலையில் என் ஜப்பானிய நண்பரிடமிருந்து செய்தி, கும்பிடு பொம்மை இல்லாமல், நல்ல தமிழில்:

"ரெஸ்யூமே அனுப்பியாச்சா?"

பெட்டியை அணைத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன். மாஸ்டர் கையில் குச்சியைக் கொடுத்திருக்கவே கூடாது.