சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து வந்த வம்சம்

என் பூட்டனார், அதாவது தாத்தாவைப் பெற்ற அத்தா, வாணியம்பாடிப் பக்கமிருந்து திண்டுக்கல்லுக்குப் பிழைக்க வந்தவர். இங்கே தோல் பதனிடும் ஒரு ஷாப்பில், சுண்ணாம்புத் தொட்டிக்குள் இறங்கி நின்று தோலில் மயிர் சுரண்டியிருக்கிறார். பழைய வீட்டுப் பத்திரத்தில் 'தோல் ஷாப் கூலி' என்றுதான் இருக்கிறது. பள்ளிவாசலின் மவுத்துப் பதிவிலும் அதேதான். காலில் புண் புரையோடி இறந்ததாக ஒரு வரி கூடுதல். பத்தாவதோடு நின்ற நான் அந்தக் கோழிக்கிறுக்கல் எழுத்தைக் கண் வலிக்க வலிக்கப் படித்து எடுத்தேன்.

அண்ணனிடம் காட்டினேன். மூக்கைச் சுளித்தார்.

"ஏலே, இதப் போயி எவன்டா நோண்டச் சொன்னது? நாத்தம் புடிச்ச வேல."

என் மகளுக்கு வத்தலக்குண்டில் மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்த நேரம் அது. ஜவுளிக்கடைக்காரர்கள், வம்சம் கேட்டிருக்கிறார்கள். குதிரை வியாபாரத்துக்கு அரபு நாட்டிலிருந்து வந்த செய்யிது வம்சம் என்று அண்ணன் அளந்துவிட்டார். செய்யிது என்றால் நபிகளாரின் வழி வந்தவர்கள். தகப்பன் அல்லாதவரைத் தகப்பன் என்பது எத்தனை பெரிய பாவம்!

எங்கள் வீட்டில் இறந்தவர்களுக்காக ஓதும் வருஷ ஃபாத்திஹாவுக்கு மாப்பிள்ளை வீட்டாரும் வந்திருந்தார்கள். யாஸீன் ஓதியதும், மவுத்தானவர்களின் பெயர்ச்சீட்டைப் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கொடுப்போம். ஒவ்வொரு பெயராகச் சொல்லி அவர்களுக்காக அல்லாஹ்விடம் துஆ கேட்பார். இந்த முறை சீட்டை எழுதியவர் அண்ணன். பூட்டனார் பெயருக்கு முன்னால் செய்யிது என்று இருந்தது. அவர் தகப்பன் பெயரும் பத்திரத்தில் உள்ளதல்ல, வேறு யாருடையதோ.

ஹஜ்ரத் அதை வாசித்தபோது ஆமீன் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்படி ஒரு ஆள் எங்கள் வீட்டில் பிறக்கவே இல்லை. ஓதியது யாருக்குப் போய்ச் சேரும்? புண்ணோடு போன மனுஷனுக்குக் கபுர்க் குழியில் இந்த துஆவும் கிடைக்கக் கூடாதா?

"ஹஜ்ரத், செத்த நிறுத்துங்க. இது எங்க பூட்டனார் இல்ல. அவரு தோல் ஷாப்புல கூலி வேல பாத்தவரு."

அண்ணன் என் தொடையைக் கிள்ளினார். "ஒம் மக வாழ்க்கைடா!"

"அதுக்காக அவரு அத்தாவ மாத்தச் சொல்றீங்களா?"

ஹஜ்ரத் சீட்டை மடித்து வைத்தார். "சரியான பேரச் சொல்லுங்க பாய்."

சொன்னேன். அந்தப் பெயருக்கே துஆ நடந்தது.

நெய்ச்சோறு தின்று கை கழுவும்போது மாப்பிள்ளையின் அத்தா சிரித்தார். "அப்ப குதிர ஒண்ணும் வரலையாக்கும்?"

மறுநாள் அவரே போன் செய்தார். "பொண்ண எங்களுக்குப் புடிச்சிருக்கு. ஆனா அந்தத் தோல் கதைய விட்ருங்க. கல்யாணப் பத்திரிகைல செய்யிதுன்னே போட்ருவோம். யாரு வந்து பாக்கப் போறா?"

அண்ணனாவது அறியாதவர்களிடம் பொய் சொன்னார். இவரோ தெரிந்தே கேட்கிறார். எச்சில் இலையைத் தொட்டதுபோல் போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு மகளைப் பார்த்தேன். அவளுக்கும் எல்லாம் கேட்டிருந்தது.

"பொய் போட்ட அந்தப் பத்திரிகைய யாருக்கு அத்தா நான் குடுப்பேன்? வேணாம்னு சொல்லிருங்க."

சொல்லிவிட்டேன். அல்லாஹ் அவளுக்கு வேறு இடம் வைத்திருப்பான். அண்ணன் தெருவில் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார். போகட்டும். எனக்கும் அந்த முகத்தைப் பார்க்க அருவருப்பாகத்தான் இருக்கிறது.