ஒரு நாள் முன்னதாக வந்த சுரூபம்

"டிசம்பர் 17, ஞாயிறு. திருவருகைக்காலம் மூன்றாம் ஞாயிறு, ரோஸ் மெழுகுதிரி. காலையிலிருந்து விடாத மழை. மாலை சுரூபம் வந்தது, ஒரு நாள் முன்னதாக."

ஊரையே மூழ்கடித்த அந்த வெள்ளத்தின் முதல் நாளைப் பற்றி என் நாட்குறிப்பில் இவ்வளவுதான் இருக்கிறது. இதில் பிழை என்று எதுவும் இல்லை. சுரூபம் வந்தது உண்மை, ஒரு நாள் முன்னதாக வந்ததும் உண்மை. அதை யார் கொண்டுவந்தார்கள் என்று மட்டும் எழுதவில்லை.

தூத்துக்குடியில் எங்கள் அன்பியத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. அன்பியம் என்றால் அக்கம்பக்கத்துத் தெருக்களில் இருக்கும் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்த செபக் குழு. கிறிஸ்துமஸுக்கு முந்தின நான்கு வாரமான திருவருகைக்காலம் தொடங்கியதும், பெத்லகேமுக்குப் புறப்பட்ட கோலத்தில் மாதாவும் சூசையப்பரும் நிற்கும் சுரூபம் வீடு வீடாகப் போகும். ஒரு வீட்டில் ஒரு இரவு. மறுநாள் மாலை அந்த வீட்டார் செபமாலை சொல்லி அடுத்த வீட்டில் கொண்டுபோய் விடுவார்கள். இப்படியே இடம் மாறி மாறி, கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை கோவில் குடிலைச் சேரும். யார் வீட்டுக்கு எந்தத் தேதி என்று முறை போடுவது என் வேலை. துறைமுகத்தில் கப்பல் வரும் நாளையும் புறப்படும் நாளையும் எழுதி எழுதியே ஓய்வு பெற்றவன் நான். அந்த வேலையை வேறு யாரிடமும் கொடுக்க மனம் வந்ததில்லை.

வெள்ளத்துக்கு முந்தின வாரம் அன்பியக் கூட்டத்தில் நான்தான் பேசினேன். பல புத்தகங்களைப் புரட்டித் தயாரித்த பேச்சு. ஆண்டவரின் வருகை ஒன்றல்ல, மூன்று என்றேன். முதலாவது பெத்லகேமில் நடந்தது. கடைசி வருகை உலக முடிவில் நடக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது. அது சத்தமில்லாமல், அன்றாடம், யாரோ ஒருவர் வழியாக நம் வாசலில் நடந்துகொண்டிருக்கிறது. குருவானவரின் ஊதா உடுப்பு, பூசையில் வானவர் கீதம் பாடாமல் காத்திருப்பது, வாரத்துக்கு ஒரு திரியாக, மூன்றாம் வாரம் ரோஸ் திரியாக, ஏற்றுவது எல்லாம் அந்த நடு வருகைக்கு நம்மைப் பழக்கத்தான் என்றேன். அதற்குத் தேதி கிடையாது என்றும் சொன்னேன்.

"அப்போ அண்ணாச்சியால அதுக்கு முறை போட முடியாதுன்னு சொல்லுங்க" என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். குரல் கொடுத்த அந்தம்மா இறால் கம்பெனியில் வேலை செய்பவர், எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி, பள்ளமான பகுதியில் குடியிருந்தார். அவர் கணவர் தோணியில் மாலத்தீவுக்குச் சரக்கோடு போய்வந்தவர். வலது காலில் சர்க்கரைப் புண் வந்தபின் கடலுக்குப் போவதில்லை. முறைப்படி பதினேழாம் தேதி இரவு சுரூபம் அவர்கள் வீட்டில் இருக்க வேண்டும். பதினெட்டாம் தேதி மாலைதான் எங்கள் வீடு.

பதினேழாம் தேதி மாலை கதவு தட்டப்பட்டது. திறந்தால் அந்தம்மா நனைந்துபோய் நிற்கிறார். சேலைத் தலைப்பில் சுற்றிய சுரூபத்தை மார்போடு அணைத்திருந்தார், தோளில் ஒரு துணிப்பை. அவருக்குப் பின்னால் கேட்டைப் பிடித்துக்கொண்டு கணவர். புண் காலில் பிளாஸ்டிக் உறையைக் கட்டியிருந்தார். அந்த உறை கறுப்பு நிறம் என்பதுகூட எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. அவ்வளவு நன்றாகப் பார்த்திருக்கிறேன்.

"அண்ணாச்சி, வீட்டுக்குள்ள தண்ணி வந்துட்டு. மாதாவ இங்கன வச்சுக்கிடுங்க."

"நாளைக்குத்தானே நம்ம முறை?" என்றேன். என் வாயில் வந்த முதல் வார்த்தை அதுதான். பிறகு, "சரி சரி, கொடுங்க, நனையப்போவுது" என்று வாங்கிக்கொண்டேன்.

"பையையும் உள்ள வச்சுக்கிடட்டுமா?"

பையில் சுரூபத்தின் திரித்தண்டும் விரிப்பும் இருக்கும் என்று நினைத்து, அதையும் வாங்கினேன். அந்தம்மா உடனே திரும்பவில்லை. கணவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எங்கள் ஊரில் மழை பெய்தால் பள்ளத் தெருக்களில் கணுக்கால் தண்ணீர் நிற்பது வருடா வருடம் நடப்பதுதான். ஆகவே நான், "பாத்துப் போங்க" என்றேன்.

கதவைச் சாத்திவிட்டு, மேசையில் வெள்ளைத் துணி விரித்து சுரூபத்தைத் துடைத்து வைத்தேன். அடுப்படியிலிருந்து என் மனைவி, "யாரு வந்தா?" என்று கேட்டாள்.

"மாதா வந்துட்டாங்க, ஒரு நாள் முந்தி."

"மாதா தானா நடந்து வந்தாங்களாக்கும்? கூட யாரு?"

சொன்னேன்.

"உள்ள கூப்பிடலையா?"

"அவசரமாப் போயிட்டாங்க" என்றேன். அவர்கள் அவசரமாகப் போகவில்லை.

மின்சாரம் நின்றது. ரோஸ் திரியின் வெளிச்சத்தில் செபமாலை சொன்னோம். விடிந்து பார்த்தால் தெருவில் இடுப்பளவு தண்ணீர். எங்கள் வீடு மேட்டில் கட்டியது, தண்ணீர் மேல் படியோடு நின்றிருந்தது. சுரூபத்துக்கு விரிப்பை எடுக்கலாம் என்று மனைவி பையைத் திறந்தாள். விரிப்பு இல்லை. குடும்ப அட்டை, ஆதார், இரண்டு மாற்றுத்துணி, பஞ்சு, புண்ணுக்குப் போடும் மருந்து, கணவருடைய சர்க்கரை மாத்திரைகள். மனைவி ஒவ்வொன்றாக எடுத்து மாதாவின் காலடியில் வைத்தாள். அவள் ஏசியிருந்தால் பதிலாவது சொல்லியிருப்பேன்.

அந்தம்மா பையை உள்ளே வைக்கட்டுமா என்று கேட்டது தாங்களும் உள்ளே வரலாமா என்றுதான். நேராகக் கேட்க நா எழவில்லை. நான் "பாத்துப் போங்க" என்றபிறகு பையைத் திருப்பிக் கேட்கவும் முடியவில்லை. கேட்டால், தங்கத்தான் வந்தோம் என்று சொன்னதுபோல் ஆகிவிடும். கணவரின் மருந்தை என் கையில் விட்டுவிட்டு மழைக்குள் இறங்கினார்.

புதன்கிழமை தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும் பையைத் தலையில் வைத்துக்கொண்டு தேடிப் போனேன். அவர்கள் வீட்டுச் சுவரில் என் நெஞ்சு உயரத்துக்குச் சேற்றுக்கோடு. தெரு முக்கில் மளிகைக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சியின் மாடியில் இருப்பதாகச் சொன்னார்கள். நெற்றி நிறையத் திருநீறு பூசிய அந்த அண்ணாச்சி கடையிலிருந்து சேற்றை வாரிக் கொட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்க சார். பை வந்துட்டா? மேல அரிசி மூடைக்கு நடுவுல படுத்திருக்காரு. கடையில சீனி இருக்கு, வெல்லம் இருக்கு, அவருக்குக் குடுக்க மாத்திரைதான் இல்ல."

மாடியில் அந்தம்மாவின் கணவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். காலில் ஈரத்துணிக் கட்டு. அறைக்குள் நுழைந்ததுமே வாடை தெரிந்தது. என்னைப் பார்த்ததும் மனைவியைக் கூப்பிட்டார்.

"ஏளா, பாத்தியா? அண்ணாச்சி பைய நனையாம வச்சிருக்காரு. நம்மள வைக்கத்தான் எடமில்லாமப் போச்சு."

"சும்மா கெடங்க" என்று அந்தம்மா அதட்டினார். பிறகு என்னிடம், "மாதாவுக்கு ஒண்ணும் ஆகலையே அண்ணாச்சி?" என்று கேட்டார்.

கணவர் சொன்னது கிண்டல். அதைத் தாங்க முடிந்தது. இந்தக் கேள்வியைத் தாங்க முடியவில்லை. "ஒண்ணும் ஆகல" என்றேன். எங்கள் வீட்டுக்கு வந்துவிடுங்கள் என்றும் கூப்பிட்டேன். "இப்பத்தான் கடை அண்ணாச்சி அரிசி மூடைய நகத்தி எடம் போட்டுக் குடுத்திருக்காரு, அவரு மனசு கஷ்டப்படும்" என்று அந்தம்மா மறுத்துவிட்டார்.

அந்தக் கிறிஸ்துமஸில் குடிலில் பாலனை வைத்தபோது எல்லோரும் முழங்காலிட்டார்கள். எனக்கு நிமிர்ந்து பார்க்கக் கூசியது. மாதாவுக்கும் சூசையப்பருக்கும் சத்திர வாசலில் இடமில்லை என்று சொன்ன அந்த பெத்லகேம் ஆளைப் பற்றிப் பிரசங்கங்களில் கேட்கும்போதெல்லாம், கல்நெஞ்சக்காரன் என்று நினைத்து வந்திருக்கிறேன். அவன் ஒருவேளை என்னைப்போல ஒழுங்கான மனிதனாக, முறை தவறாதவனாக இருந்திருக்கலாம். நான் அவனைவிடவும் ஒரு படி மேலே போனேன். சுரூபத்தை உள்ளே எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினேன்.

ஜனவரியில் அரசு மருத்துவமனையில் அந்தம்மாவின் கணவருடைய வலது கால் விரல்கள் இரண்டை எடுத்தார்கள். பார்க்கப் போயிருந்தேன். "செருப்பு இனி லேசா நொழையும்" என்றார். அடுத்த வருடம் முறை போடும் வேலையை விட்டுவிடுகிறேன் என்று அன்பியத்தில் சொன்னபோது அந்தம்மாதான் எழுந்து, "அண்ணாச்சியே போடட்டும், எங்களுக்கு அடுத்து அவுக வீட்டையே போடட்டும்" என்றார். அதை மன்னிப்பு என்று எடுப்பதா, தண்டனை என்று எடுப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. சொன்னபடியே போட்டேன். அவர்கள் சுரூபத்தோடு வந்தபோது, செபமாலை முடிந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள்.

இந்த நாட்குறிப்பில் எழுதும் ஒவ்வொன்றையும் இரண்டு பேரிடமாவது கேட்டு உறுதி செய்வது என் பழக்கம். ஒன்றை மட்டும் கேட்கவில்லை. அந்த இரவும் அடுத்த இரண்டு நாளும் மாத்திரையும் மருந்தும் இல்லாமல் கிடந்ததால்தான் விரல்கள் போயினவா, அல்லது எப்படியும் போயிருக்குமா? மருத்துவமனையில் கட்டுப் போட வந்த டாக்டர் கட்டிலுக்கு அந்தப் பக்கம்தான் நின்றார். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். ஆகவே இது இன்றுவரை உறுதி செய்யப்படாதது.