நாலு நிமிடத் தாமதம்

பெருங்களத்தூர் அருகே ஒரு குளிர்பதனக் கிடங்கில் கம்ப்ரஸர் மோட்டார் எரிந்துபோனது. அப்போது பணியில் இருந்த ஆபரேட்டர் அக்காதான் காரணம் என்று மேனேஜர் முடிவுகட்டியிருந்தார். "அலாரம் அடிச்சா அந்தம்மா உடனே அமுக்கறதே இல்ல சார்."

கம்ப்ரஸர்களைக் கண்காணிக்கும் டச் பேனலின் பதிவை எடுத்துத்தர நான் போனேன். ஒவ்வொரு அலாரமும் எப்போது வந்தது, 'பார்த்தேன்' பொத்தானை எப்போது அழுத்தினார்கள், கோளாறு எப்போது தீர்ந்தது என்று அது எழுதிவைக்கும்.

புடவைமேல் ஸ்வெட்டர் போட்டிருந்த அக்கா பக்கத்தில் நின்றார். நான் இருக்கும்போதே இன்னொரு கம்ப்ரஸருக்கான அலாரம் அடித்தது. அவர் பேனலைத் தொடாமல் மெஷின் ரூமுக்குப் போனார். நாலு நிமிடம் கழித்து வந்து, முந்தானையில் விரலைத் துடைத்துவிட்டு அழுத்தினார்.

பதிவிலும் அவருடைய ஷிஃப்ட் முழுக்க அப்படித்தான் இருந்தது. அதற்கு முந்தைய ஷிஃப்டில், எரிந்துபோன அதே கம்ப்ரஸரில் எண்ணெய் அழுத்தம் குறைவு என்று ஆறு முறை அலாரம் வந்திருந்தது. ஆறையும் இரண்டே நொடியில் அழுத்தியிருந்தார்கள்.

மேனேஜர் படித்துப் பார்த்தார். "உங்க மேல தப்பில்லம்மா. ஆனா இனிமே கொஞ்சம் சீக்கிரம் அமுக்குங்க."

"அமுக்குனா பாத்துட்டேன்னு தான சார் எழுதுது? பாக்காம எப்டி அமுக்கறது?" என்றார் அக்கா.

பதினைந்து வருடமாக நான் இந்தப் பேனல்களைப் பொருத்துகிறேன். அந்தப் பொத்தான் சத்தத்தை நிறுத்த என்றுதான் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.