திங்கட்கிழமை மூடியிருக்கும்

மியூசியத்துக்குப் போகிறவர்கள் அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று விசாரித்துவிட்டுப் போவார்கள். ஷாவோ பெய்லின் விசாரித்தது ஒன்றே ஒன்றுதான்: உட்கார நாற்காலி இருக்கிறதா?

எங்கள் வூஹானில் மியூசியத்துக்குப் பஞ்சமில்லை. கல்லுக்கு ஒன்று, ரயிலுக்கு ஒன்று, பூச்சிக்கு ஒன்று, புரட்சிக்கு ஒன்று என்று எழுப்பி வைத்திருக்கிறார்கள். பாதிக்கு மேல் இலவசம். ஃபோனில் முன்பதிவு செய்துவிட்டு வாசலில் இருக்கும் இயந்திரத்தின் மேல் அடையாள அட்டையை வைத்தால் கதவு திறந்துகொள்ளும். வேலை இல்லாத மனிதனை ஏன் வந்தாய் என்று கேட்காமல் உள்ளே விடும் கதவு இந்த ஊரில் அதுதான்.

பெய்லினுக்கு வேலை போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. மாடிக் குடியிருப்புகளுக்குப் படம் வரைந்து கொடுக்கும் கம்பெனியில் படிக்கட்டும் லிஃப்ட் குழியும் வரைந்துகொண்டிருந்தவன். கட்டிய வீடுகளே விலை போகாமல் நின்றபோது புதிதாக வரைந்து யாருக்கு? வயதோ நாற்பத்து மூன்று. விளம்பரம் கொடுக்கிற கம்பெனிக்காரர்கள் எல்லோரும் முப்பத்தைந்துக்குள் என்று சொல்லி வைத்தாற்போல் போடுகிறார்கள். முப்பத்தைந்துக்கு மேல் மனிதனுக்கு வயிறு இருக்காது என்று நினைப்பு போலும்.

வீட்டில் சொல்லவில்லை. முதல் வாரம், வேறு வேலை கிடைத்ததும் சேர்த்துச் சொல்லிவிடலாம் என்று இருந்தான். மூன்றாவது வாரம், இத்தனை நாள் ஏன் மறைத்தாய் என்று கேட்டால் என்ன பதில் சொல்வது என்று இருந்தான். அதற்குப் பிறகு பொய்யே ஒரு வேலையாகிவிட்டது. கம்பெனி கணக்கு முடித்துக் கொடுத்த பணத்திலிருந்து மாதாமாதம் சம்பளம் மாதிரி மனைவி யூஃபாங்கின் கணக்குக்கு அனுப்பி வந்தான். தினமும் காலையில் இஸ்திரி போட்ட சட்டை, தோளில் பை, பையில் தேயிலை போட்ட ஃபிளாஸ்க். தெருமுனையில் எள்விழுது நூடுல்ஸை அட்டைக் கிண்ணத்தில் வாங்கி, ஊர் வழக்கப்படி நடந்துகொண்டே வாய்க்குள் தள்ளுவான். பஸ் நிறுத்தத்துக்கு வந்த பிறகுதான் ஃபோனை எடுத்து இன்றைக்கு எங்கே என்று பார்ப்பான்.

முன்பதிவுக்கு அவன் பயன்படுத்தியது குடும்பக் கணக்கு. மகள் தோதோ முதல் வகுப்பில் சேர்ந்தபோது, மியூசியம் பார்த்துவிட்டு வாருங்கள் என்று பள்ளியில் விடுமுறைப் பாடம் கொடுத்தார்கள். அப்போது யூஃபாங் மூன்று பேர் அட்டையையும் சேர்த்துப் பதிந்து வைத்த கணக்கு அது. பாஸ்வேர்டு இவனுக்கும் தெரியும். தனியாக ஒன்று தொடங்குவதென்றால் முகத்தைக் காட்டு, கண்ணைச் சிமிட்டு, தலையை ஆட்டு என்று ஃபோன் குரங்காட்டம் ஆட்டி வைக்கும். அதற்குச் சோம்பல்பட்டான். அந்தச் சோம்பல் என்ன செய்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

எங்கே போவது என்று முடிவெடுப்பதில் அவன் கைதேர்ந்துவிட்டான். பண்டைய வெண்கல மணிகள் இருக்கும் மாகாண மியூசியம் கூடாது. ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் எல்லோரும் அங்கேதான் கூட்டிக்கொண்டு போவார்கள், தெரிந்த முகம் எதிரே வந்து நிற்கும். அறிவியல் மியூசியம் முழுக்கக் குழந்தைகள் கூச்சல். புரட்சி மியூசியத்தில் நல்ல சோபா உண்டு, ஆனால் ஆபீஸ் ஆபீஸாகக் கிளம்பி வந்து கொடியைப் பிடித்துக்கொண்டு குழுப்படம் எடுப்பார்கள். ஒருநாள் பழைய கம்பெனியில் மிச்சமிருந்த நால்வரே வந்துவிட்டார்கள். தூணுக்குப் பின்னால் நின்று அவர்கள் சிரித்து முடிக்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான். பூச்சி மியூசியத்தில் வெந்நீர்க் குழாய் இல்லை. வெந்நீர் இல்லாத இடத்தில் எங்கள் ஊர்க்காரன் நாள் முழுக்க எப்படி இருப்பான்?

கடைசியில் தேறியவை கல் மியூசியமும் ரயில் மியூசியமும், அவசரத்துக்கு நாணய மியூசியமும். மாற்றி மாற்றிப் போவான். மதியம் மற்ற ஆபீஸ்காரர்கள் மேஜையில் தலை சாய்க்கும் நேரத்தில் இவனும் பையை மடியில் வைத்துக் கொஞ்சம் கண்ணயர்வான். மாலையில் சரியான பஸ்ஸைப் பிடித்து, களைத்த முகத்தோடு வீடு வந்து சேர்வான். களைப்பு மட்டும் நிஜம்.

திங்கட்கிழமைதான் எமன். நாட்டில் உள்ள மியூசியங்கள் எல்லாம் சேர்ந்து ஓய்வெடுக்கும் நாள் அது. அன்று அவனுக்குப் போக்கிடம் கிடையாது. யாங்சியின் மேல் இருக்கும் பெரிய பாலத்துக்குப் போய்விடுவான். மேலே பஸ், கீழ்த்தட்டில் ரயில், அதற்கும் கீழே பழுப்புத் தண்ணீர். நடுவில் நின்று தண்ணீரைப் பார்ப்பான். முதலில் பொழுதுபோக்கத்தான் பார்த்தான். குளிர்காலம் போகப்போக அது பொழுதுபோக்காக இல்லை.

பாலத்தில் சிவப்பு மேல்சட்டை போட்டுத் தொண்டு செய்கிறவர்கள் திரிவார்கள், தனியாக நிற்கும் ஆட்களிடம் பேச்சுக் கொடுப்பதற்கென்றே. ஒரு திங்கள் அப்படி ஒரு பெரியவர் பக்கத்தில் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“என்ன தம்பி, யாருக்காவது காத்திருக்கியா?”

“இல்லீங்க. சும்மா காத்து வாங்கறேன்.”

“இந்த எலும்புக் குளிர்லயா? வீட்டுல காத்து வர்றதில்லையா உனக்கு?”

பெய்லின் சிரித்தான். பெரியவர் சிரிக்கவில்லை. அவன் பாலத்தை விட்டு இறங்கும்வரை கூடவே நடந்து வந்தார்.

வசந்தம் வந்தது. பள்ளிகள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பும் பருவம். இதை அவன் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டான். எட்டு மாதம் அவ்வளவு சாமர்த்தியமாகத் தேர்ந்தெடுத்தவனுக்கு, தன் மகளும் பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறாள் என்பது ஞாபகம் வரவில்லை.

அந்த வியாழன் கல் மியூசியத்தில் மூன்றாவது அறை, அவன் வழக்கமான நாற்காலி. காவலுக்கு இருக்கும் பெங் அக்கா சூரியகாந்தி விதை கொறித்தபடி வந்தாள்.

“சார், நானும் பாத்துட்டே இருக்கேன். இந்தக் கல்லுல அப்படி என்னதான் இருக்கு? எனக்குச் சம்பளம் குடுக்கறாங்க, நான் பாக்கறேன். உங்களுக்கு என்ன தலையெழுத்து?”

“ஆராய்ச்சிங்க.”

“தூங்கிக்கிட்டேவா?”

அவள் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் மஞ்சள் தொப்பிகள் தெரிந்தன. மூன்றாவது தொப்பிக்குக் கீழே தோதோ.

எழுந்தான், ஓடவும் முடியாது, நிற்கவும் முடியாது. பக்கத்தில் இருந்த கழிப்பறைக்குள் நுழைந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான். சுவருக்கு அந்தப் பக்கம் ஆசிரியை கேள்வி கேட்டாள், பிள்ளைகள் கத்தினார்கள். யாரோ ஒரு பையன், இந்தக் கட்டிடம் இடிந்து விழுந்தால் நாமும் அடியில் புதைந்து கல்லாகிவிடுவோம் என்று பயமுறுத்தினான்.

“கட்டிடம்லாம் அப்படி விழாது!” அது தோதோவின் குரல். “எங்கப்பா கட்டிடம் வரையறவர். அவர் வரைஞ்சா விழவே விழாது. உங்கப்பாவுக்கு என்ன தெரியும், வாத்துக் கழுத்துக் கறி விக்கத் தெரியும்!”

வாயைக் கையால் பொத்திக்கொண்டு பெய்லின் அழுதான். பிள்ளைகள் போய் வெகுநேரம் கழித்துத்தான் வெளியே வந்தான். பெங் அக்கா விதை கொறிப்பதை நிறுத்திவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். இனி இந்த நாற்காலியும் போயிற்று என்று அவனுக்குத் தெரிந்தது.

இரவு தாமரைத்தண்டும் பன்றி விலா எலும்பும் போட்ட சூப். தோதோ கல்லைப் பற்றியே பேசினாள்.

“அப்பா, அங்க ஒரு மீன் கல்லாயிடுச்சு. வாயைத் திறந்தபடியே! நீ பாத்திருக்கியா?”

“இல்ல பாப்பா, அப்பாவுக்கு ஆபீஸ்லயே நேரம் சரியாப் போயிடுது.”

யூஃபாங் கிண்ணத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. எலும்பில் ஒட்டியிருந்த கறியைக் குச்சிகளால் பிரித்து மகள் கிண்ணத்தில் போட்டாள், இன்னொரு துண்டை எடுத்துக் கணவன் கிண்ணத்திலும் போட்டாள்.

தோதோ பாடம் எழுத உள்ளே போனாள். யூஃபாங் அடுப்படியில் பாத்திரம் தேய்த்தாள். அவன் துடைத்து அடுக்கினான். குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

“வர்ற புதன்கிழமை அவங்க ஸ்கூல்ல ரயில் மியூசியம் கூட்டிட்டுப் போறாங்க,” என்றாள், திரும்பாமலே. “அன்னைக்கு நீ அங்க போகாத.”

அவன் கையில் இருந்த கிண்ணத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தான். அது எப்போதோ காய்ந்துவிட்டிருந்தது.

“உனக்கு எப்படி...”

“என் நம்பர்லதானே பதிஞ்சிருக்கு. நீ வாசல்ல அட்டையை வச்சதும் எனக்கு மெசேஜ் வரும். ஷாவோ பெய்லின், கல் மியூசியம், உள்ளே சென்றார். ஷாவோ பெய்லின், ரயில் மியூசியம், உள்ளே சென்றார்.” ஒரு கரண்டியை அழுத்தித் தேய்த்தாள். “பெரிய துப்பறியும் வேலை ஒண்ணும் இல்ல. நீதான் மடையன்.”

“எப்பலேர்ந்து?”

“மொத நாள்லேர்ந்து.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்திருக்கிறான். அதுவும் சோறு போடுகிறவளின் தட்டிலேயே. தன்னிடம் மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று, இவளுக்குத் தெரியாது என்பது. அதை வைத்துக்கொண்டுதான் காலையில் எழுந்தான், சட்டை போட்டான். அதுவும் கிடையாது என்றானதும் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டான்.

“ஏன் கேக்கல?”

“நீ சொல்வேன்னு பாத்தேன். பண்டிகை வரட்டும்னு பாத்தேன். அப்புறம் சொல்லிடப் போறியேன்னு பயமாயிடுச்சு. சொன்னா நான் என்ன பண்ணுவேன்?” இப்போதுதான் திரும்பினாள். கையில் நுரை. “ஷாவோ, ஒண்ணு கேக்கறேன், பொய் சொல்லாத. திங்கட்கிழமை எங்க போற?”

அவன் கையில் இருந்த துணியை நான்காக மடித்தான்.

“மத்த நாள்ல மெசேஜ் வந்துட்டா நான் பாட்டுக்கு என் வேலையைப் பாப்பேன். திங்கட்கிழமை ஒண்ணும் வராது. மருந்துக்கடை கவுண்டர்ல நின்னுக்கிட்டு ஃபோனையே பாத்துட்டிருப்பேன். போன மாசம் ஒரு பெரியம்மாவுக்கு மருந்தை மாத்திக் குடுத்துட்டேன். ஓடிப்போய்ப் பிடுங்கிட்டு வந்தேன். எங்க போற?”

“நடப்பேன்.”

“எங்க?”

“பாலத்துல.”

யூஃபாங் குழாயை மூடினாள். உள்ளே தோதோ பாடத்தைச் சத்தம் போட்டுப் படிப்பது கேட்டது.

“அப்ப நாளைக்கு நான் வீட்டுலயே இருக்கட்டுமா?” என்று கேட்டான். அந்தக் கேள்வியில் அவனுக்குக் கொஞ்சம் ஆசை இருந்தது. கூரியர் பொட்டலம் சுமக்கலாம், வண்டி ஓட்டலாம், எதுவும் செய்யலாம். முதலில் ஒரு நாள் தன் கட்டிலில் படுத்துத் தூங்கினால் போதும்.

அவள் கை நுரையைத் துடைத்துக்கொண்டாள். “வேண்டாம். போ. லிஃப்ட்ல பாக்கறவங்க வாயை மூட முடியாது. எங்கம்மா காதுக்குப் போயிடும். பாப்பாவுக்கு...” கதவுப் பக்கம் பார்த்தாள். “அவ அப்பா கட்டிடம் வரையறவர். அப்படியே இருக்கட்டும்.”

சட்டையை அவளே இஸ்திரி போட்டு நாற்காலி முதுகில் மாட்டினாள். எட்டு மாதமாக அவள்தான் போட்டாள், எல்லாம் தெரிந்தே.

ஞாயிறு இரவு ஃபோனை அவனிடம் நீட்டினாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஊர்க்கோடியில், ஒரு பழைய தண்ணீர்த் தொட்டி நிலையத்தை மியூசியமாக்கியிருக்கிறார்களாம். அதற்குச் செவ்வாய் விடுமுறை. திங்கள் திறந்திருக்கும். அவளே தேடிப் பிடித்து அவன் பெயரில் பதிவும் செய்துவிட்டாள்.

“இனி திங்கட்கிழமைக்கு இது,” என்றாள்.

திங்கள் காலை பஸ் பாலத்தின் மேல் போனது. ஜன்னலோரம் இருந்தான். தான் வழக்கமாக நிற்கும் இடம் வந்தது, போனது. சிவப்பு மேல்சட்டைப் பெரியவர் வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்துவிடலாம் என்று எழுந்தான். மருந்துக்கடையில் ஒருத்தி ஃபோனைப் பார்த்துக்கொண்டு நிற்பாள் என்ற நினைப்பு வந்து மறுபடியும் உட்கார்ந்தான். சாகக்கூட விடுப்பு எடுக்க முடியாத வேலையாக அது ஆகிவிட்டது.

வாசலில் அட்டையை வைத்தான். பச்சை விளக்கு எரிந்தது.

உள்ளே துருப்பிடித்த குழாய்கள், வால்வுகள், அவற்றின் பெயர்ப் பலகைகள். வேறு ஒரு ஆளும் இல்லை. முதல் அறையைச் சுற்றினான், இரண்டாவதைச் சுற்றினான், மாடிக்கு ஏறி இறங்கினான். கட்டிடம் முழுக்க ஒரு நாற்காலிகூட இல்லை. தரையில் உட்கார்ந்தபோது ஒலிபெருக்கியில் ஒரு குரல், பார்வையாளர்கள் தரையில் உட்காரக் கூடாது என்றது.

மூடும்வரை நின்றான். ஒரு கால் மாற்றி மறு காலில், குழாய்களுக்கு நடுவில் இன்னொரு குழாயாக நின்றான்.

வீடு வந்தபோது யூஃபாங் வாசலிலேயே வீட்டுக்குள் போடும் செருப்பை எடுத்து அவன் காலருகே வைத்தாள். தோதோவுக்குக் கேட்காத குரலில் கேட்டாள்:

“உக்கார இடம் இருந்துச்சா?”

“இருந்துச்சு,” என்றான். “சாய்வு வச்ச நாற்காலி.”