மாஸ்டர் தாமதமாக வந்த ஆராதனை

போன வாரம் துபாய் அல் குசைஸில் ஒரு மொட்டைமாடியில் ஏசி கழற்றிக்கொண்டிருந்தபோது றோஸ் அக்கா போன் செய்தார். "தம்பி, மாஸ்டர் எங்களை விட்டுட்டுப் போயிட்டார்." ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

றோஸ் அக்காவின் கணவர் அருளானந்தம் மாஸ்டர், திருகோணமலைக்காரர். துபாயில் கணக்கு வாத்தியாராக இருந்து, தலை நரைத்த பிறகு பிரஸ்பிட்டேரியன் போதகரானார். அங்கி போட்டும் எங்களுக்கு அவர் மாஸ்டர்தான். வேதத்துக்கு அடுத்தபடியாக அவர் நம்பியது துடுப்பை. வெள்ளிக்கிழமை ஆராதனைக்கு முன் சபைப் பையன்களோடு துபாய் கிரீக் உப்பங்கழியில் படகு இறக்கிவிடுவார். ராமநாதபுரத்து இந்துவான என்னையும் விடவில்லை மனுஷன்.

படகில் எங்களைப் பார்த்தபடி உட்கார்ந்து கட்டளையிடுவார். வகுப்பில் எதிரே இருக்கும் பிள்ளைகளின் வலது எது என்று யோசித்தே சொல்லிப் பழகியவர். அவசரத்தில் தன் வலதா எங்கள் வலதா என்று குழம்பிப்போவார். ஒருமுறை நின்றிருந்த சரக்குப் படகில் போய் முட்டினோம். "பிழை என்ர. ஆனா நல்ல வேகமா வந்து இடிச்சனீங்கள்" என்று பாராட்டினார்.

என் அப்பா இறந்தபோது லீவு கேட்டேன். "மாஃபி", கிடையாது என்றான் ஃபோர்மேன். ஒரே மகன் நான். கொள்ளி வைத்தது சித்தப்பா மகன். "காரியத்தன்னைக்காவது எள்ளும் தண்ணியும் எறச்சிடுப்பா" என்று அம்மா போனில் அழுதாள். காரிய நாள் வெள்ளிக்கிழமை. எள் பொட்டலத்தோடு கிரீக் கரையில் நின்றேன். சுற்றிலும் ஜனம். கூச்சத்தில் கை எழவில்லை. ஆராதனைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மாஸ்டர் என்னைக் கண்டு விஷயத்தைக் கேட்டார்.

"படகில ஏறும். நடுவில போவம்."

"சர்ச்சுல காத்திருப்பாங்களே மாஸ்டர்?"

"அவையள் பாட்டுப் படிச்சுக்கொண்டு இருப்பினம். ஏறும் ஐசே!"

அவரே துடுப்பு வலித்தார். நடுத்தண்ணீரில் நிறுத்தினார். மந்திரம் தெரியாது என்று விசும்பினேன். "எனக்கும் தெரியாது. உம்மட அப்பாட பேரைச் சொல்லும், அதுவே காணும்." "முத்திருளன்" என்று சொல்லி எள்ளும் தண்ணீரும் விட்டேன். தொப்பியைக் கழற்றிவிட்டு அவர் தலைகுனிந்திருந்தார்.

நனைந்த காற்சட்டையோடு அவர் பிரசங்க மேடை ஏறியபோது, நான் கடைசி வரிசையில் இருந்தேன். ஜெபத்தின் நடுவே அப்பாவின் பெயரைச் சொன்னார். சபை மூப்பர் ஒருவர் பிறகு முகத்தைச் சுளித்தார்: "செத்தவைக்காக எங்கட சபையில ஜெபிக்கிறேல்லையே?"

"நான் கர்த்தரிட்ட ஒண்டும் கேக்கேல்ல. நன்றிதான் சொன்னனான். இப்பிடி ஒரு பிள்ளையை வளர்த்ததுக்கு" என்றார் மாஸ்டர்.

அந்த நன்றிதான் அவர் எனக்கு விட்டுப்போன சொத்து. அதை வாங்கிக்கொண்டு சும்மா இருக்க மனசு வரவில்லை. நேற்று றோஸ் அக்காவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன்: "வர்ற அமாவாசைக்கு எள்ளுத்தண்ணி விடும்போது அப்பா பேரோட மாஸ்டர் பேரையும் சொல்லிக்கவா அக்கா? தப்பில்லையே?"

அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னார்: "சொல்லு தம்பி. ஆனா சத்தமாச் சொல்லு. கடைசிக் காலத்தில மனுசனுக்குக் காது கேக்கேல்ல."