மெக்கானிக் ஒப்புக்கொண்ட குற்றம்

எங்கள் வீட்டில் எது கெட்டுப்போனாலும் முதலில் எழும் கேள்வி, அதைக் கடைசியாகத் தொட்டது யார் என்பதுதான். அப்பா பட்டுப் புடவைகளுக்கு டிசைன் போடுபவர். கட்டம் போட்ட தாளில் அவர் மயிலையும் யாளியையும் புள்ளி புள்ளியாக வைத்துக் கொடுப்பார். அதைப் பார்த்து அட்டைகளில் துளை குத்துவார்கள். அந்த அட்டைகள் தறியின் மேல் ஏறினால் நெசவில் மயில் இறங்கும். மயிலின் கழுத்து கோணிக்கொண்டால் விசாரணை பின்னோக்கி நடக்கும். முதலில் நெய்தவர், பிறகு அட்டையைக் கோத்தவர், பிறகு துளை குத்தியவர். அப்பாவின் தாள் வரைக்கும் விசாரணை வந்ததாக எனக்கு நினைவில்லை. அதற்குள் யாராவது அகப்பட்டுவிடுவார்கள். இந்த முறையைப் பார்த்தே வளர்ந்ததால், ஒன்பது வயதுக்குள் காஞ்சிபுரத்தில் பாதிப் பேர் மேல் எனக்குச் சந்தேகம் இருந்தது.

எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் பக்கத்துத் தெருக்களில் மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். அப்பா அவர்களில் ஒருவர். கூரம், முசரவாக்கம் என்று சுற்றியிருந்த ஊர்களின் தறிக்காரர்களைப் பார்க்கப் போவதற்கென்று, ஒருவர் ஓட்டிச் சலித்த வண்டியை வாங்கியிருந்தார். தினமும் காலையில் என்னைப் பெட்ரோல் டேங்கின் மேல் உட்காரவைத்துப் பள்ளிக்கூடத்தில் விடுவார். அவருடைய இரண்டு கைகளுக்கும் நடுவில், ஹேண்டில் பாரைப் பிடித்தபடி நான்தான் ஓட்டுகிறேன் என்ற நினைப்பில் போய் இறங்குவேன். பள்ளிக்கு நடந்து வரும் மற்றப் பெண்களை அப்போது நான் திரும்பிப் பார்ப்பதுகூடக் கிடையாது.

அந்த வண்டியின் முன் சக்கரத்தை இரண்டு பக்கமும் தாங்கும் ஃபோர்க்கில் ஆயில் ஒழுக ஆரம்பித்தது. முசரவாக்கத்துக்காரர் ஒருவர் ரயில் நிலையத்துப் பக்கம் கடை போட்டிருந்தார். விவசாயக் குடும்பம். பம்புசெட் பழுது பார்த்துப் பழகி, பிறகு மோட்டார் சைக்கிளுக்கு வந்தவர். அதனாலேயே அம்மாவுக்கு அவர் மேல் நம்பிக்கை இல்லை. கிணற்றில் தண்ணீர் இறைக்கிற இயந்திரமும் மனிதனைச் சுமக்கிற இயந்திரமும் ஒன்றா என்று கேட்டாள். மெக்கானிக் இரண்டு நாள் வண்டியை வைத்திருந்து, ஃபோர்க்கைக் கழற்றி, புது ஆயில் சீல் போட்டு, ஆயிலை மாற்றினார். ஹேண்டில் பார் திரும்பும் இடத்தில் இருக்கும் கோன் செட் துருவேறி இறுகியிருந்ததைப் பார்த்து, அதையும் புதிதாக மாற்றி கிரீஸ் வைத்தார்.

வண்டி வீட்டுக்கு வந்த மறுநாளே ஹேண்டில் பார் ஆடியது. லேசான நடுக்கம். என் உள்ளங்கையில் அது நன்றாகத் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை கூரம் சாலையில் எதிரே வந்த மாட்டுவண்டிக்கு ஒதுங்கும்போது நடுக்கம் பெரிதாகி, அப்பாவும் நானும் வண்டியும் வயல் வாய்க்காலில் போய் விழுந்தோம். முழங்காலில் சிராய்ப்பு, புதுப் பாவாடையில் கிழிசல். வண்டி சரியாகிற வரைக்கும் பிள்ளையை ஏற்றக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள். எனக்குக் காயம் வலிக்கவில்லை. நாளையிலிருந்து நடந்து போக வேண்டும் என்பதுதான் வலித்தது. கடைசியாகத் தொட்டவர் யார் என்பதில் எங்கள் மூவருக்கும் ஐயமே இல்லை.

அந்த வாரம் நான்கு நாள் சாயங்காலம் அப்பாவோடு கடைக்குப் போனேன், மெக்கானிக்கைக் கண்காணிக்க. அவர் என்ஜினுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து முன் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தினார். ஃபோர்க்கின் இரண்டு கால்களையும் பிடித்து முன்னும் பின்னும் இழுத்தார். சத்தம் வரவில்லை. ஹேண்டில் பாரை ஒரு விரலால் தொட்டார், அது தானாகவே ஒரு பக்கம் போய்ச் சாய்ந்தது. முன்பெல்லாம் பலமாகத் தள்ளினால்தான் திரும்பும், இப்போது இவ்வளவு லேசாக இருப்பதுதான் கோளாறு என்றார் அப்பா. லேசாக இருப்பதுதான் முறை, முன்பு இருந்ததுதான் கோளாறு என்றார் அவர். செய்த தப்பையே சரி என்று சாதிக்கிற ஆள் என்று நான் மனதில் குறித்துக்கொண்டேன்.

மறுநாள் இரண்டு கால்களிலிருந்தும் ஆயிலை இறக்கி ஒரே டம்ளரில் மாற்றி மாற்றி அளந்து காட்டினார். சமமாக இருந்தது. மூன்றாம் நாள் அப்பா வீட்டிலிருந்து முறுக்கிய பட்டு நூல் கொண்டுபோனார். ஒரு முனையை நான் பிடித்தேன், மறுமுனையை மெக்கானிக். இரண்டு சக்கரங்களையும் ஒட்டி நூலை இழுத்துப் பார்த்தால் ஒரு மயிரிழை கோணல் இல்லை. நூலைச் சந்தேகிக்க அப்பாவால் முடியவில்லை. அதனால் மெக்கானிக் மேல் இருந்த சந்தேகம் இரண்டு மடங்கானது. அசல் சாமானைக் கழற்றி வேறு வண்டிக்குப் போட்டிருப்பான் என்று அம்மா தீர்ப்பே எழுதிவிட்டாள். நாளைக்குள் சரியாகாவிட்டால் வண்டி வைத்திருக்கிற எல்லோரிடமும் சொல்லிவிடுவேன் என்று அப்பா கடையிலேயே சொன்னார். இருந்ததே நாலைந்து வண்டிகள். அவை வராவிட்டால் அந்தக் கடை மறுபடி பம்புசெட்டுக்குத்தான் போக வேண்டும்.

நான்காம் நாள் மெக்கானிக் என்னை டேங்கில் உட்காரவைத்துத் தானே ஓட்டினார். நல்ல வேகத்தில் போகும்போது இரண்டு கைகளையும் எடுத்துவிட்டார். வண்டி நூல் பிடித்தாற்போல் நேராகப் போனது. முழங்காலால் ஏதோ தந்திரம் செய்கிறார் என்று நான் குனிந்து குனிந்து பார்த்தேன்.

திரும்பி வந்து, "நீங்க ஓட்டுங்க மாஸ்டர். நான் பின்னால குந்திக்கிறேன்," என்றார் அப்பாவிடம்.

அப்பா ஓட்டினார். நான் முன்னால், அவர் பின்னால். ஊரைத் தாண்டியதும் நடுக்கம் வந்தது. ஆடுது, ஆடுது என்று நான் வெற்றிக் களிப்போடு கத்தினேன். அப்போது பின்னாலிருந்து மெக்கானிக்கின் கை நீண்டு வந்து அப்பாவின் மணிக்கட்டின் மேல் உட்கார்ந்தது. நாடி பார்ப்பதுபோல் கொஞ்ச தூரம் அப்படியே இருந்தது. பிறகு வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னார்.

மூன்று பேரும் இறங்கினோம். அவர் வண்டியைப் பார்க்கவே இல்லை. அப்பாவின் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தினி நாளா மாஸ்டர் இப்படி இருக்குது?" என்று மெதுவாகக் கேட்டார்.

அப்பா சட்டைப் பைக்குள் கையை விட்டுக்கொண்டார். "தாள்ல இன்னும் வரலப்பா. புள்ளி நேராத்தான் வெக்கிறேன்," என்றார்.

ஹேண்டில் பாருக்கும் தாளுக்கும் என்ன சம்பந்தம்? பேச்சை மாற்றித் தப்பிக்கப் பார்க்கிறார் மெக்கானிக், அப்பாவும் ஏமாறுகிறாரே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

கடைக்கு நாங்கள் திரும்பியபோது மோட்டார் சைக்கிள்காரர்கள் இரண்டு பேரும், அப்பாவிடம் டிசைன் வாங்குகிற தறிக்காரர் ஒருவரும் என்ன ஆயிற்று என்று கேட்டபடி நின்றிருந்தார்கள். அப்பா வாயைத் திறப்பதற்கு முன் மெக்கானிக் பேசினார்.

"தப்பு என்னுதுதான். கோன் செட்ட லூசா உட்டுட்டேன். மாஸ்டர் சொன்னப்பவே நான் கேட்டிருக்கணும்."

எல்லோர் எதிரிலும் ஸ்பேனரை எடுத்து மேல் நட்டை இறுக்கினார். பழையபடி ஹேண்டில் பாரைத் திருப்பப் பலம் வேண்டியிருந்தது. நடுக்கம் அடங்கிவிட்டது. அப்பா தலையைக் குனிந்துகொண்டு வண்டியை எடுத்தார். ஏனோ அதற்குப் பிறகும் என்னை டேங்கில் ஏற்றவில்லை. கேட்டபோதெல்லாம் சாலை சரியில்லை என்றார்.

அப்பாவுடைய கை விரல்கள் சும்மா இருக்கும்போதே ஆடத் தொடங்கி, அதற்கு ஒரு நோயின் பெயர் கிடைத்தது நான் கல்லூரியில் படித்தபோது. அன்றைக்குத்தான் எனக்கு அந்த நான்கு நாள்களும் விளங்கின. துருவேறிய கோன் செட் அத்தனை நாளும் அப்பாவின் கை நடுக்கத்தை விழுங்கிக்கொண்டிருந்தது. மெக்கானிக் வேலையைச் சுத்தமாகச் செய்ததால் அது வெளியே தெரிந்துவிட்டது. டிசைன் போடுகிறவருக்குக் கை நடுங்குகிறது என்று ஒரு தறிக்காரர் காதில் விழுந்தால் போதும், அடுத்து கோணுகிற மயிலுக்கு விசாரணை நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வரும். அதனால் மெக்கானிக், தான் சரியாகச் செய்த வேலையை ஊர் பார்க்கத் தப்பாக மாற்றி, பழியையும் வாங்கிக்கொண்டார். அதன் பிறகு அப்பா ஆறு வருடம் டிசைன் போட்டார். அந்த ஆறு வருடச் சோற்றில்தான் நான் படித்தேன். இதை நினைத்தால் எனக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது. ஏனென்றால் நான் அதோடு விடவில்லை.

குற்றவாளி தன் வாயாலேயே ஒப்புக்கொண்ட வழக்கு எனக்குக் கிடைத்தது அதுதான் முதல் முறை. பள்ளிக்கூடத்தில் சொன்னேன். தெருவில் சொன்னேன். மோட்டார் சைக்கிள் வைத்திருந்த ஜரிகைக் கடைக்காரர் ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்து, அந்த மெக்கானிக்கிடம் வண்டியை விடலாமா என்று கேட்டார். அப்பாவை முந்திக்கொண்டு நான் நடந்ததையெல்லாம் சொன்னேன். மெக்கானிக் நட்டை இறுக்கியதை நடித்தும் காட்டினேன். ஜரிகைக் கடைக்காரர் தலையை ஆட்டிக்கொண்டு, வேறு இடம் பார்க்கிறேன் என்று எழுந்து போனார். அப்பா பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருந்தார். என்னை ஒரு வார்த்தை தடுக்கவில்லை. நான் நன்றாகப் பேசினேன் என்று நினைத்துத்தான் சும்மா இருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.