மூன்று பேர் நின்ற செம்புக்காசு

பள்ளிக்கூடப் படி ஏறாமலே நாலு பாஷை பேசினாள். தாராவியில் பழைய உலோகக் கொட்டகையில், பெண்களை அண்டவிடாத தராசுப் பக்கம் இடம் பிடித்தாள். ஒரு கண் மங்கிய பிறகும் செம்பையும் பித்தளையையும் தட்டிப் பார்த்தே பிரித்தாள். கடைசியாக, மாட்டுங்கா நாணயக் கண்காட்சியில் ஒரு மேசையில் கால்வாசி இடம் வாங்கினாள். பூலோகத்தின் தங்கை மாரிசெல்வி வென்றவை இவை. அவர்கள் சொந்தத்தில் இவ்வளவு வென்றவர்கள் வேறு யாரும் இல்லை.

அந்த இடத்தில் வைக்க அவளிடம் இருந்தது ஒரே ஒரு காசு. சுண்டுவிரல் நகம் அளவு ரோமானியச் செம்புக்காசு. தெற்கேயிருந்து வந்த பழைய பாத்திர மூட்டையில் மண்ணோடு கிடந்தது. கொட்டகை முதலாளி, "நீயே வச்சுக்கோ" என்று கொடுத்துவிட்டார். ஞாயிறுதோறும் மாட்டுங்கா நாணயச் சங்கத்துக்குப் போய், புத்தகப் படங்களோடு வைத்துப் பார்த்துப் பார்த்து, அது இன்னதென்று கண்டுபிடித்தாள். ஒரு பக்கம் மன்னன் தலை. மறுபக்கம் ஈட்டியோடு மூன்று மன்னர்கள். நடுவில் நிற்பவன் குட்டை. அவன் சிறு பையன். பச்சைக் களிம்பில்தான் அவர்கள் நின்றார்கள். களிம்பு போனால் அவர்களும் போவார்கள். அதனால் அவள் காசைத் துணியால்கூடத் துடைத்ததில்லை. பத்திரமாக இருக்கட்டும் என்று சாமி அலமாரியில், குங்குமச் சிமிழுக்குள் வைத்திருந்தாள்.

ஆயுத பூஜைக்கு அலமாரியைக் காலி செய்த பூலோகத்தின் மனைவி செண்பகவல்லி, விளக்கோடும் மணியோடும் சேர்த்து அதையும் புளி போட்டுத் தேய்த்துவிட்டாள்.

"ஏட்டி மாரி, இங்க பாரு! ஒன் துட்டு தங்கமா மின்னுது. எம்புட்டு களிம்பு! வெரலே வலிச்சுப் போச்சு."

காசில் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தாள். மாரிசெல்வி அதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"நல்லாருக்கு மைனி. சாமிக்கு வச்சிருங்க."

அவள் அழவில்லை. பூலோகத்துக்கும் எதுவும் தோன்றவில்லை. நிற்காமல் போன ரயிலின் பிளாட்பாரத்தில் நிற்பது போல இருந்தது. பொரியை அள்ளி வாயில் போட்டார். அது இனித்ததா என்று தெரியவில்லை.

மறுநாள் இருவரும் மாட்டுங்காவுக்குப் போனார்கள். சங்கத்தின் செயலாளர் சுப்புலக்ஷ்மி லென்ஸை எடுத்தார், வைத்தார்.

"இதுல ஒண்ணுமே இல்லையேம்மா. சட்டைப் பொத்தான்னு சொன்னாலும் நம்பிடுவா."

"நான் பாத்திருக்கேன் மேடம். மூணு பேரு நின்னாவ."

"காசு இனிமே சாட்சி சொல்லாது. பார்த்தவா அட்டையில எழுதிக் கையெழுத்துப் போட்டா வைக்கலாம். இல்லேன்னா இடத்தை வேற ஒருத்தருக்குக் கொடுத்துடறேன்."

"கையெழுத்து நான் போட்டுருதேன்" என்றார் பூலோகம். மாரிசெல்விக்காக எல்லா இடத்திலும் அவர்தான் போடுவார். கட்டாயம் அவளே வேண்டுமென்றால் கைநாட்டு.

"நீங்க பார்த்தேளா, அந்த மூணு பேரை?"

பூலோகம் யோசித்தார். "எனக்குப் பச்சையாத்தான் தெரிஞ்சுது."

வீட்டுக்கு வந்து அட்டையை எழுத உட்கார்ந்தார். "புளிக் கதைய எழுதாண்டாம்ட்டி. ஒன் மைனி மொகத்த எங்க கொண்டு வைப்பா?"

அடுப்படியிலிருந்து செண்பகவல்லி, "நாந்தான் தேச்சேன்னே எழுதுங்க. எம்பேரும் மாட்டுங்காவுல தெரியட்டும்" என்றாள். தேய்த்ததில் என்ன போயிற்று என்று இதற்குள் அவளுக்குத் தெரிந்துவிட்டது; குரல் உடைந்திருந்தது.

"நடந்தது நடந்தபடி எழுதுண்ணே. கையெழுத்து நான் போடுதேன்" என்றாள் மாரிசெல்வி.

காலண்டர் தாளின் பின்பக்கம் பூலோகம் அவள் பெயரை எழுதிக் கொடுத்தார். காசைப் பார்ப்பது போலவே அதையும் வெகு நேரம் பார்த்துவிட்டு வரைந்தாள்.

"செ-க்குக் கொம்ப விட்டுட்டியே."

"மாட்டுக்கில்லா கொம்பு வேணும்."

வாரம் முழுக்க அவள் பேசிய ஒரே வேடிக்கைப் பேச்சு அது. சிரிக்காமலே சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை, கண்ணாடிக்கு அடியில் காசு புத்தம் புதிதாக மின்னியது. பக்கத்து அட்டையில் பூலோகம் எழுதிய நாலு வரி: 'ரோமானியச் செம்புக்காசு. மூன்று மன்னர்கள் ஈட்டியுடன். பூஜைக்காக வீட்டில் புளி போட்டுத் தேய்த்ததில் உருவம் அழிந்தது. அழியும் முன் பார்த்தவர்:'

அந்த இடம் காலியாக இருந்தது. மாரிசெல்வி பேனாவை வாங்கி, நின்றபடியே, எழுத்து எழுத்தாக, கொம்பு விடாமல் போட்டாள். மை காயும்வரை பூலோகம் அட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு கீழே, சின்னதாக, தேதி எழுதினார்.

29 அக்டோபர் 2023.